ஜாவாஎஃப்எக்ஸ்: ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் அனுப்புவது எப்படி?

ஜாவாஎஃப்எக்ஸ் என்பது ஜாவாவில் விண்டோ உள்ள செயலிகள் எழுத உதவும் கருவித்தொகுப்பு. முதன்மை விண்டோவில் ஒரு டேபிள், அதில் நபர்களின் பெயர்கள். ஒரு பெயரை இருமுறை கிளிக் செய்தால் திருத்தும் விண்டோ திறக்க வேண்டும். அந்தப் பெயர் அதில் நிரம்பியிருக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. எனக்கு இரண்டு நாள் போனது. எஃப்எக்ஸ்எம்எல் கோப்பும் (விண்டோவின் வடிவமைப்பு) அதற்கு ஒரு கன்ட்ரோலர் கிளாஸும் (அந்த விண்டோவை இயக்கும் கோட்) எழுதத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: திருத்தும் விண்டோவின் கன்ட்ரோலரில் 'செட்நபர்' என்று ஒரு பப்ளிக் மெத்தட் எழுதுங்கள். நபர் ஆப்ஜெக்டை வாங்கி டெக்ஸ்ட்ஃபீல்டுகளை நிரப்புவது அதன் வேலை.

படி 2: நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். முதன்மை கன்ட்ரோலருக்குள் 'நியூ' போட்டுத் திருத்தும் கன்ட்ரோலரை நானே உருவாக்கி, செட்நபரை அழைத்தேன். உடனே நல்பாயின்டர் எக்செப்ஷன் (நல், அதாவது காலியாக இருக்கும் மாறியைப் பயன்படுத்தினால் வரும் பிழை). எஃப்எக்ஸ்எம்எல் கோப்பைப் படித்துத் திரையை உருவாக்கும் எஃப்எக்ஸ்எம்எல்லோடர் தனக்கென ஒரு கன்ட்ரோலரை உருவாக்கிக்கொள்கிறது. திரையில் தெரியும் டெக்ஸ்ட்ஃபீல்டுகள் அதோடுதான் இணைந்திருக்கும். நான் உருவாக்கியதற்கும் திரைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆகவே லோடரிடமே கேட்டு வாங்க வேண்டும். திருத்தும் விண்டோவின் எஃப்எக்ஸ்எம்எல் கோப்பின் பாதையைக் கொடுத்து லோடர் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்குங்கள். முதலில் 'லோட்', அப்புறம் 'கெட்கன்ட்ரோலர்', அதன்பின் செட்நபர். லோடுக்கு முன்பே கெட்கன்ட்ரோலரை அழைத்தால் நல்தான் கிடைக்கும். பல உதாரணங்களில் லோடை ஸ்டாட்டிக் மெத்தடாக ஒரே வரியில் அழைத்திருப்பார்கள். அதில் கன்ட்ரோலரைக் கேட்டு வாங்க லோடர் ஆப்ஜெக்டே கையில் இருக்காது.

இன்னொன்று: 'இனிஷியலைஸ்' மெத்தட் லோடுக்குள்ளேயே ஓடி முடிந்துவிடும். அந்த நேரத்தில் நபர் இன்னும் வந்து சேரவில்லை. நபரைச் சார்ந்த எதையும் அதில் எழுதாதீர்கள்.

படி 3: திருத்தியதைத் திரும்பப் பெறுவது. புதிய ஸ்டேஜுக்கு (திருத்தும் விண்டோவுக்கு) முதன்மை விண்டோவை 'இனிட்ஓனர்' மூலம் உரிமையாளராக்கி, மோடாலிட்டியை விண்டோமோடல் என்று வைத்து (இதை மூடும்வரை உரிமையாளர் விண்டோவைத் தொட முடியாது), 'ஷோஅண்ட்வெயிட்' அழையுங்கள். விண்டோ மூடிய பிறகே அடுத்த வரி ஓடும். அங்கே, கையில் இருக்கும் அதே கன்ட்ரோலரிடம் முடிவைக் கேளுங்கள். 'ரத்து' அழுத்தப்பட்டிருக்கலாம் என்பதால் ஆப்ஷனலாக (உள்ளே மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்) திருப்பித் தருவது என் வழக்கம். விண்டோ திறந்தபடியே அடிக்கடி தகவல் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கன்ஸ்யூமரை (தகவலை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷனை) கொடுத்துவிடுங்கள்.

முதன்மை கன்ட்ரோலரை ஸ்டாட்டிக் மாறியில் போட்டு எங்கிருந்தும் எடுப்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்காது. அதே விண்டோ இரண்டு திறந்திருந்தால், கடைசியாகத் திறந்ததுதான் அந்த மாறியில் இருக்கும்.

பின்சேர்க்கை: "சேமித்த பிறகும் டேபிளில் பழைய பெயரே இருக்கிறது" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். டேபிளுக்குப் பின்னால் இருக்கும் பட்டியலான அப்சர்வபிள்லிஸ்ட், வரிசையில் ஒன்று சேர்ந்தாலோ நீங்கினாலோ சொல்லும். சாதாரண ஸ்ட்ரிங் ஃபீல்டு உள்ளே மாறினால் அதற்குத் தெரியாது. அவசரத்துக்கு டேபிளின் 'ரெஃப்ரெஷ்' போதும். பெயரை ஸ்ட்ரிங்ப்ராப்பர்ட்டியாக (மாறினால் தானே அறிவிக்கும் ஸ்ட்ரிங்) மாற்றி, செல்வேல்யூஃபேக்டரியில் (நெடுவரிசையில் எதைக் காட்டுவது என்று சொல்லும் இடம்) அந்த ப்ராப்பர்ட்டியையே கொடுத்தால் ரெஃப்ரெஷ் தேவைப்படாது.