பழைய ராணுவ பைக்: துடைக்கும் முன் படியுங்கள்

இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவ பைக் ஒன்று கைக்கு வந்ததும் பலரும் செய்கிற முதல் காரியம், அதைப் பிரித்துப்போட்டு, பெயின்ட்டை உரித்து, பளபளவென்று பச்சை அடிப்பது. 80 வருடமாக வண்டியில் ஒட்டிக்கொண்டிருந்த தடயம் ஒரே வாரத்தில் குப்பைக்குப் போய்விடும். எந்த ஒப்பந்தத்தில் (ராணுவம் தொழிற்சாலைக்குக் கொடுத்த மொத்த ஆர்டரில்) வந்த வண்டி, எத்தனை முறை பட்டறை ஏறியது, எந்தெந்த நிறத்தில் ஓடியது என்பதெல்லாம் அந்த அழுக்கிலும் பழைய பெயின்ட்டிலும்தான் இருக்கிறது. ஆகவே முதலில் எண்கள், பிறகு பெயின்ட், பிறகு ஆவணங்கள். ஸ்பேனர் கடைசியில்.

இங்கே சொல்வது பெரும்பாலும் பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளைப் பற்றி: பிஎஸ்ஏ எம்20, நார்ட்டன் 16எச், மேட்ச்லெஸ் ஜி3எல், ஏரியல் டபிள்யூ/என்ஜி போன்றவை. இவைதான் அதிகம் மிஞ்சியிருக்கின்றன, உதிரியும் கிடைக்கிறது. எம்20 மட்டுமே ஏறத்தாழ 1,26,000 தயாரானது.

எண்களை வாசிப்பது

எண் இருக்கும் இடத்தில் வயர் பிரஷ் படவே கூடாது. மண்ணெண்ணெயும் மெத்தென்ற நைலான் பிரஷ்ஷும் போதும். சுத்தமானதும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் தெரியாத கோடு தாளில் தெரியும். எண்ணைச் சுற்றியுள்ள உலோகம் மற்ற இடத்தைவிடப் பள்ளமாக இருந்தாலோ, ஒரே திசையில் அரக் கோடுகள் ஓடினாலோ யாரோ பழைய எண்ணைத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

எம்20 எஞ்சின் எண்ணின் முன்னெழுத்து 'கே' என்றால் 1939 மாடல், 'டபிள்யூ' என்றால் போர்க்காலத்தில் ராணுவத்துக்கென்று செய்தது. எஞ்சின் எண்ணும் ஃப்ரேம் எண்ணும் பிஎஸ்ஏவில் தொழிற்சாலையிலேயே வேறுவேறாகத்தான் வந்தன. "மேட்ச்சிங் நம்பர்" என்று எம்20-க்குக் கூடுதல் விலை கேட்டால் விற்பவருக்கு வண்டி தெரியவில்லை, அல்லது யாரோ எண் அடித்திருக்கிறார்கள். நார்ட்டன் 16எச் இதற்கு நேர்மாறு. அது தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போது இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருக்கும்.

அமெரிக்க ராணுவ வண்டியான ஹார்லி டபிள்யூஎல்ஏவில் ஃப்ரேமில் எண்ணே கிடையாது. வண்டியின் அடையாளம் எஞ்சின் எண்தான். போர்க்கால வண்டிகள் 1943-ல் வந்தாலும் 1944-ல் வந்தாலும் எண் '42டபிள்யூஎல்ஏ' என்றுதான் தொடங்கும். அதை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது. எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸின் இரண்டு பாதிகளிலும் அடிப்பக்கம் இன்னொரு எண் உண்டு. இரண்டும் ஒத்துப்போனால் அந்தக் கிராங்க்கேஸ் பிறந்தபோதே ஜோடியாக இருந்தது.

ஜெர்மன் வண்டி என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சோவியத் எம்-72, சீன சிஜே750 இரண்டும் பிஎம்டபிள்யூ ஆர்71 வழி வந்த சைடுவால்வு (வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் இருக்கும்) வண்டிகள். சாம்பல் பெயின்ட் அடித்து, டேங்க்கில் வேறு பேட்ஜ் ஒட்டி பிஎம்டபிள்யூ என்று விற்பது பழைய வித்தை. ஆர்75 என்று சொன்னால் குனிந்து பாருங்கள்: ஓவர்ஹெட் வால்வு (வால்வுகள் சிலிண்டருக்கு மேலே), சைடுகார் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட், ரிவர்ஸ் கியர், பின் சக்கரத்துக்கும் சைடுகாருக்கும் ஹைட்ராலிக் பிரேக். இவை இல்லையென்றால் அது ஆர்75 இல்லை.

எஞ்சின் ஒரு ஒப்பந்தத்தையும் ஃப்ரேம் இன்னொன்றையும் காட்டினால் ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டியதில்லை. ராணுவப் பட்டறைகளில் வண்டிகளைக் கூட்டமாகப் பிரித்து, பழுது பார்த்து, கையில் வந்த எஞ்சினைக் கையில் வந்த ஃப்ரேமில் ஏற்றினார்கள். அப்படிப் புதுப்பித்த வண்டிகளில் கிராங்க்கேஸிலோ ஃப்ரேமிலோ சிறிய உலோகத் தகடு ரிவிட் செய்யப்பட்டிருக்கும். தகடு போயிருந்தாலும் இரண்டு ரிவிட் ஓட்டைகள் மிஞ்சும். அவற்றை அடைத்துவிடாதீர்கள். தகட்டை வைத்துப் பார்த்தால் கலப்பு வண்டிதான் முறையான ராணுவ வண்டி.

பெயின்ட்டுக்குள் இறங்குவது

1200 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, டேங்க்கில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் அழுத்தம் கொஞ்சம் அதிகம், ஓரத்தில் குறைவு. ஒவ்வொரு அடுக்கும் ஒரு வளையமாகத் திறக்கும். போருக்குப் பின் தனியார் அடித்த கறுப்போ மெரூனோ முதலில் வரும். அதற்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே பழுப்பு என்று போகும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால் காய்ந்த தாளில் தேய்க்கக் கூடாது.

போரின் தொடக்கத்தில் காக்கி பச்சை எண் 3, பிறகு எஸ்சிசி 2 (எஸ்சிசி என்பது பிரிட்டிஷ் ராணுவ நிறப் பட்டியலின் குறியீடு) என்ற பழுப்பு, 1944 ஏப்ரலிலிருந்து எஸ்சிசி 15 என்ற ஆலிவ் நிறம். ஆகவே அடியில் பழுப்பும் மேலே ஆலிவும் இருந்தால் வண்டி 1944-க்கு முன் வந்து, பிறகும் பணியில் இருந்திருக்கிறது. கடையில் 'ராணுவப் பச்சை' என்று விற்கிற டப்பா இவற்றில் எதுவும் இல்லை. வெயில் படாத இடத்தில்தான் நிறம் உண்மையைச் சொல்லும்: டூல்பாக்ஸின் உட்புறம், டேங்க்கின் அடிப்பக்கம், ஹெட்லைட் வளையத்தின் மடிப்பு.

டேங்க்கின் பக்கவாட்டில் வெள்ளையில் எழுதிய ராணுவப் பதிவு எண் இருந்திருக்கும். 'சி' என்ற எழுத்தும் தொடர்ந்து இலக்கங்களும். அந்த 'சி' மோட்டார்சைக்கிளுக்கான எழுத்து. மேலே மூன்று கோட் அடித்திருந்தாலும், இருட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும். தெரிந்தால் அந்தப் பக்கத்தில் மட்டும், எழுத்தை ஒட்டியே, மிகப் பொறுமையாக நனைத்துத் தேய்த்து இறங்குங்கள். ஒரு இலக்கத்துக்கு ஒரு மாலைப்பொழுது ஆகும். பெயின்ட் ரிமூவர் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் எல்லா அடுக்கும் சேர்ந்து போய்விடும்.

உதிரிகளும் தேதி சொல்லும். 1942-ல் மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பர் தட்டுப்பாடு வந்தது. ஹாண்டில்பார் பிடிக்கு ரப்பருக்குப் பதில் கான்வாஸ், ஃபுட்ரெஸ்ட்டுக்கு வெறும் இரும்பு என்று மாறியது அதனால்தான். 1940 வண்டிக்குக் கான்வாஸ் பிடி மாட்டி "ஒரிஜினல்" என்பவர்கள் இருக்கிறார்கள்.

தாளில் தேடுவது

கையில் எண் வந்த பிறகே ஆவணத்துக்குப் போக வேண்டும். பிரிட்டனின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப், அந்தந்தத் தயாரிப்புக்கான உரிமையாளர் சங்கங்கள் ஆகியவற்றிடம் தொழிற்சாலை அனுப்புகைப் பேரேடுகள் இருக்கின்றன. அவற்றில் கிடைப்பது அனுப்பிய தேதி, ஒப்பந்த எண், சில சமயம் போய்ச் சேர்ந்த கிடங்கு. விண்ணப்பிக்கும்போது பென்சில் பிரதியின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். '3'-ஐ '8' என்று வாசித்து வேறொருவர் வண்டியின் சான்றை வாங்கி வைத்திருப்பவர்கள் உண்டு.

ஒப்பந்தத்தின் முதல் ஃப்ரேம் எண்ணும் முதல் 'சி' எண்ணும் தெரிந்தால், உங்கள் ஃப்ரேம் எண் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதை 'சி' எண்ணோடு கூட்டி ஒரு மதிப்பீடு செய்யலாம். மதிப்பீடுதான். வண்டிகள் எண் வரிசைப்படி வாசலைத் தாண்டவில்லை. இப்படிக் கணக்குப் போட்ட எண்ணை டேங்க்கில் எழுதினால் அது கணக்கு என்று கோப்பில் குறித்து வையுங்கள்.

எந்தப் படைப்பிரிவு ஓட்டியது என்பது பெரும்பாலும் கிடைக்காது. "நார்மண்டி கடற்கரையில் இறங்கிய வண்டி" என்று யாராவது சொன்னால் தாளைக் கேளுங்கள். தாள் இல்லையென்றால் அந்தக் கதைக்கு விலை கொடுக்காதீர்கள்.

உதிரி சரிதானா என்று பார்க்க ஒப்பந்தவாரியான உதிரிப் பட்டியலும் ராணுவக் கையேடும் போதும். டபிள்யூஎல்ஏவுக்கு 1943-ல் வந்த டிஎம் 9-879 என்ற அமெரிக்க ராணுவக் கையேடு அப்படியொன்று. இம்பீரியல் போர் அருங்காட்சியகப் படங்களில் பின்னணியை உற்றுப் பாருங்கள். சாமான் பை எப்படிக் கட்டியிருக்கிறது, ஹெட்லைட் மறைப்பு எப்படி என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

ஸ்பேனர் எடுக்கும்போது

மெட்ரிக் ஸ்பேனர் செட்டை ஓரமாக வையுங்கள். பிரிட்டிஷ் வண்டியில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு ஸ்பேனர்தான் பொருந்தும். கால் அங்குல விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. 13 நுழையாது. 14 நுழையும், நட்டின் மூலையை உருட்டிவிட்டு வெளியே வரும். மரையிலும் ஒரு பொறி இருக்கிறது: கால் அங்குல சைக்கிள் மரைக்கும் கால் அங்குல பிஎஸ்எஃப் (பிரிட்டிஷ் நுண்மரை) மரைக்கும் அங்குலத்துக்கு 26 புரிதான். ஆனால் கோணம் ஒன்றில் 60 டிகிரி, மற்றதில் 55. ஒன்றின் நட்டு மற்றதில் ஏறும், இறுக்கும்போது மரை தின்றுபோகும்.

வருடக்கணக்கில் நின்ற எஞ்சினை உடனே கிக் அடிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி 10 மி.லி. மெல்லிய எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். சுற்றினால் எண்ணெய் டேங்க்கைக் கழற்றி, அடியில் தார்போலப் படிந்திருப்பதை எடுத்த பிறகுதான் மற்றது.

எண்ணெய் இறங்கிவிடுவது இந்த வண்டிகளின் நிரந்தர வியாதி. நிறுத்தி வைத்த வண்டியில், தேய்ந்த பம்ப் வழியாகவோ சரியாக உட்காராத பால் வால்வு வழியாகவோ டேங்க் எண்ணெய் கிராங்க்கேஸுக்குள் கசியும். டேங்க் காலியாகத் தெரிகிறதே என்று மேலும் ஊற்றுவதுதான் வழக்கமான தவறு. ஸ்டார்ட் ஆனதும் எல்லாம் திரும்பி வந்து டேங்க் வழியும், சைலன்சரில் நீலப் புகை கக்கும். முதலில் அடிப்பிளேட்டையோ வடிகால் போல்ட்டையோ திறந்து கிராங்க்கேஸை வடியுங்கள். கசிவைத் தடுக்கச் சிலர் எண்ணெய்க் குழாயில் திறந்து மூடும் டேப் (திருகு) ஒன்று மாட்டுவார்கள். ஒரே ஒரு நாள் திறக்க மறந்தால் எஞ்சின் ஜாம். மாட்டியே தீர வேண்டுமென்றால், மூடியிருக்கும்போது மேக்னட்டோவை (தீப்பொறி உண்டாக்கும் கருவியை) எர்த் செய்து எஞ்சினை எடுக்கவிடாத ஸ்விட்ச்சோடு மாட்டுங்கள். ஓடும்போது டேங்க் மூடியைத் திறந்து, திரும்பும் எண்ணெய் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விட்டுவிட்டுக் காற்றோடு துப்பினால் கவலை வேண்டாம். திருப்பி எடுக்கும் பம்ப் ஊட்டும் பம்ப்பைவிடப் பெரியது, அதனால்தான்.

காலையில் ஒரே கிக்கில் எடுக்கும், 20 நிமிடம் ஓடியதும் திணறி நிற்கும், ஆறினால் மறுபடி எடுக்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கார்புரேட்டரை நோண்டிப் பயனில்லை. மேக்னட்டோவின் ஆர்மேச்சருக்குள் இருக்கும் கன்டென்சர் சூட்டில் கசிகிறது, அல்லது சுற்றின் இன்சுலேஷன் போய்விட்டது. புது கன்டென்சரோடு ரீவைண்டிங் செய்வதுதான் வழி. அதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை: பிளக் ஒயர் மேக்னட்டோவில் சேரும் பிக்கப்பைக் கழற்றி, பென்சில் முனையில் பெட்ரோல் நனைத்த துணியைச் சுற்றி அந்த ஓட்டை வழியாக உள்ளே சுழலும் ஸ்லிப் ரிங்கில் (உலோக வளையத்தில்) அழுத்திப் பிடித்து, எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். துணி கன்னங்கரேலென்று வரும். பாதி வண்டிகளுக்கு இதுவே மருந்து.

எம்20-க்கு அளவுகள்: குளிர்ந்த எஞ்சினில் இன்லெட் வால்வு இடைவெளி 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ. மேக்னட்டோவில் திறந்து மூடும் பாயிண்ட் 0.30 மி.மீ. பிளக் 0.45 முதல் 0.50 மி.மீ. டைமிங் (தீப்பொறி விழும் கணம்): இக்னிஷன் லீவர் முழு அட்வான்ஸில் (தீப்பொறி மிக முன்னதாக வரும் நிலையில்) இருக்க, பிஸ்டன் உச்சிக்கு 11 மி.மீ. முன்னால் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்ட்டுக்கு இடையே மெல்லிய தாளைச் செருகி லேசாக இழுத்துக்கொண்டே சுற்றினால் தாள் விடுபடும் கணம்தான் அது. டைமிங் தாமதமாக இருந்தால் சைடுவால்வு எஞ்சின் சீக்கிரம் கொதித்துவிடும். எக்ஸாஸ்ட் போர்ட் சிலிண்டருக்குள்ளேயே இருப்பதால் வெப்பம் நேரே அங்கே இறங்குகிறது. கம்ப்ரஷன் 4.9:1 மட்டுமே, ஆகவே விலையுயர்ந்த ஹை ஆக்டேன் பெட்ரோலால் லாபமில்லை. எத்தனால் கலப்புதான் தொல்லை: நீரை இழுத்து டேங்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்க்கையும் ஃப்ளோட் சேம்பரையும் வடித்துவிடுங்கள்.

ஸ்டார்ட் செய்யும்போது இக்னிஷனைப் பாதி ரிடார்ட் செய்யாமல் (தீப்பொறியைத் தாமதப்படுத்தாமல்) மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போகும். கார்புரேட்டரை டிக்கிள் செய்து (சிறு பட்டனை அழுத்திப் பெட்ரோலை நிரம்பவிட்டு), கிக்கரை அழுத்தம் தட்டுப்படும் வரை மெல்ல இறக்குங்கள். எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு லிஃப்டரைப் பிடித்து உச்சியைச் சற்றே தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, நீளமாக ஒரே மிதி. வேகமாகப் பல மிதி மிதிப்பது வீண் வேர்வை.

கர்டர் ஃபோர்க்கில் (இணைப்புகளில் ஆடும் பழைய வகை முன் ஃபோர்க்கில்) இணைப்புகளின் பக்கவாட்டு ஆட்டத்தை எடுக்கும்போது, ஸ்பிண்டில் ஓரத்தில் இருக்கும் சொரசொரப்பான வாஷரை விரலால் சுற்ற முடிகிற அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதைவிட இறுகினால் ஃபோர்க் வேலை செய்யாது. பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடையுங்கள்.

கடைசியில் பெயின்ட் அடித்தே ஆக வேண்டும் என்று முடிவெடுத்தால், டூல்பாக்ஸின் உட்புறத்தையும் டேங்க்கின் அடியில் உள்ளங்கை அளவு இடத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். கழற்றிய கான்வாஸ் பிடி, கிழிந்த ஒயர், வளைந்த பிராக்கெட் ஒவ்வொன்றிலும் எங்கிருந்து வந்தது என்று எழுதி ஒரு பெட்டியில் போட்டு, வண்டியை விற்கும்போது அதையும் சேர்த்தே கொடுங்கள்.