ஒன்பதாம் மாதத்தில் ராத்திரி மரத்துப்போன கை

கர்ப்பத்தின் 36-வது வாரத்திலிருந்து நடுராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடும். விரல்களில் ஊசி குத்தும். உதறினால் கொஞ்சம் அடங்கும், அப்புறம் மறுபடியும் ஆரம்பிக்கும். காலையில் சீப்பைப் பிடித்தால் நழுவும்.

இடது பக்கமே படுத்துப் பார்த்தேன், தலையணையை மாற்றினேன், தைலம் தேய்த்தேன். எதற்கும் மசியவில்லை. சத்துக் குறைவு என்றார்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைத்தான் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தேனே.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "சுண்டு விரலும் மரத்துப்போகுதா?" யோசித்தால், இல்லை! கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, அவ்வளவுதான். மணிக்கட்டிலுள்ள குறுகலான பாதை வழியாக வரும் மீடியன் நரம்பு இந்த விரல்களுக்குத்தான் உணர்வு தருகிறது. சுண்டு விரலுக்கு வேறு நரம்பு. கடைசி வாரங்களில் உடம்பில் நீர் கோத்துக்கொள்ள, அந்தப் பாதை இறுகி நரம்பு அழுந்துகிறது. கார்பல் டனல் என்று பெயர். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கினால் அழுத்தம் இன்னும் கூடும்.

சரிசெய்தது, ராத்திரியில் மட்டும் போடும் மணிக்கட்டு ஸ்பிளின்ட், அதாவது மணிக்கட்டு மடங்காமல் பிடித்துக்கொள்ளும் தகடு வைத்த பட்டை. அதிலும் ஒரு விஷயம்: உள்ளே இருக்கும் தகடு பின்பக்கமாக வளைந்திருந்தது. அதை நேராக நிமிர்த்திய பிறகுதான் முழு ராத்திரியும் தூங்கினேன். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு இது தானாகவே சரியாகிவிடுமாம்.

கை வீக்கத்தோடு முகமும் வீங்கி, கடும் தலைவலியோ கண் மங்கலோ வந்தால் அது வேறு. ரத்த அழுத்தமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.