நேட்டால் நிலக்கரிப் பாதையை மேசை மேல் கட்டுவது

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நிலக்கரி ஏற்றிச் சென்ற ரயில் பாதையை மாதிரி ரயிலாகக் கட்டும்போது, டர்பன் வரை முழுப்பாதையையும் ஓர் அறைக்குள் திணிக்கப் பார்க்காதீர்கள். கிளென்கோவில் பிரிந்து டண்டீ போகும் கிளையே போதும். நீராவி எஞ்சின்தான் வேண்டுமென்றால் 1925க்கு முந்தைய காலத்தை எடுங்கள். 1926க்குள் கிளென்கோ–பீட்டர்மாரிட்ஸ்பர்க் தடம் மின்சாரத்துக்கு மாறிவிட்டது.

இங்குள்ள தண்டவாள இடைவெளி 1067 மி.மீ. கடையில் வாங்கும் 16.5 மி.மீ. பாதையில் 1:64 அளவு வண்டி (நிஜத்தில் 64இல் ஒரு பங்கு) ஓடினால் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். 1:87 வண்டியென்றால் 12 மி.மீ. பாதை.

பழைய நேட்டால் பாதையில் 30க்கு 1 ஏற்றம் உண்டு. அதை அப்படியே வைத்தால் 3 மீட்டரில் 10 செ.மீ. ஏறவேண்டும், எஞ்சின் சக்கரம் வழுக்கும். 50க்கு 1 வையுங்கள். ஏற்றம் தொடங்கும் இடத்தை 30 செ.மீ. தூரத்துக்கு மெல்ல வளையுங்கள்; சட்டென்று மடிந்தால் வண்டிகளின் கொக்கி கழன்றுவிடும்.

டர்பன் ஈரக்காற்றில் பிளைவுட் உப்பும். 9 மி.மீ. பலகையின் இரு பக்கமும் விளிம்பும் வார்னிஷ் பூசி, குறுக்குச் சட்டம் அடியுங்கள்.

சரக்குக்கு நிஜ நிலக்கரிதான் அழகு. துணியில் சுற்றிச் சுத்தியலால் நொறுக்கி, தேயிலை வடிகட்டியில் சலித்துக் கீழே விழும் தூளை எறிந்துவிடுங்கள். வண்டிக்குள் ஃபோம் துண்டு வைத்து, மேலே ஒரே அடுக்கு கரி. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டுச் சொட்டுச் சொட்டாக ஊற்றுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை உருண்டு மேலேயே நிற்கும். ஒட்டாத தூள் தண்டவாளத்தில் படிந்தால் மின்சாரம் விட்டுவிட்டு வரும், எஞ்சின் திக்கும்.

சுரங்கத்தருகே தகரக் கூரை லைன் வீடுகளை (தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டியவை) மறக்கவேண்டாம். காந்தி முன்னின்ற 1913 இந்தியத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கிய சுரங்கத் தொழிலாளர்கள் இப்படிப்பட்ட வீடுகளில்தான் இருந்தார்கள்.