குளிர் கடுக்காத ஊரில் காய்கறித் தோட்டம்: நாற்று சாயாமல் தொடங்குவது எப்படி

குளிர்காலத்திலும் இதமாக வெயில் அடிக்கிற ஊரா உங்களுடையது? தோட்டம் தொடங்க அந்த மாதங்களை விட்டுவிடாதீர்கள். தக்காளியையே பாருங்கள். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூ கொட்டும். இரவு 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். கோடையில் தளதளவென்று வளர்ந்து ஒரு காய்கூடக் காய்க்காத செடி, குளிர்காலத்தில் குலை குலையாகக் காய்த்ததை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

படி 1: இடம். குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். இதைக் குளிர்காலத்தில்தான் கணக்கிட வேண்டும். அப்போது சூரியன் தாழ்ந்து போவதால் சுவர், மரங்களின் நிழல் நீளும். கோடையில் வெயில் விழுந்த மூலை நாள் முழுக்க நிழலாகிவிடும்.

படி 2: மண்கலவை. செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், மூன்றும் சம அளவு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழியுங்கள், உப்பு இருக்கும். கீரைக்கு 6 அங்குல ஆழம் போதும், தக்காளி, கத்தரிக்கு 12 அங்குலமாவது வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியைவிடத் துணிப்பைதான் என் தேர்வு. தண்ணீர் தேங்காது, வேரும் சுருண்டு சுற்றாது.

படி 3: விதைப்பு. முள்ளங்கி, கேரட், பீன்ஸ், கீரை எல்லாம் நேரடியாக விதைக்க வேண்டியவை. தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஐந்தையும் குழித்தட்டில் நாற்று விட்டு நடுங்கள். விதையின் பருமனைப்போல் இரண்டு மடங்கு ஆழம் போதும்.

படி 4: நாற்றுக்குத் தண்ணீர். இங்கேதான் நான் இரண்டு முறை தோற்றேன். மேல்மண் காய்ந்து தெரிந்ததும் காலையும் மாலையும் பூவாளியால் ஊற்றினேன். பத்தாவது நாள் பார்த்தால் பாதி நாற்று படுத்துக் கிடந்தது. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து கறுத்திருந்தது. வாடுகிறது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன், மறுநாள் மீதியும் சாய்ந்தது. அது வாட்டமே இல்லை, நாற்றழுகல் நோய். ஈரம் நிற்கும் மண்ணில் பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் பெருகித் தண்டை அழுகச் செய்கின்றன. சாய்ந்த நாற்று மீளாது, அதை மண்ணோடு எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

குளிர்கால வெயில் மேல்மண்ணைச் சீக்கிரம் உலர்த்தும், அடிமண்ணோ ஈரமாகவே இருக்கும். அதனால் கண்ணை நம்பாதீர்கள், தட்டைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். லேசாக இருந்தால் ஒரு தாம்பாளத்தில் ஒரு விரல் உயரத் தண்ணீர் வைத்து அதில் தட்டை இறக்குங்கள். அடித்துளை வழியாக ஈரம் ஏறி, மேல்மண் நிறம் மாறியதும் எடுத்துவிடுங்கள். இப்படி மாற்றிய பிறகு நான் நாற்றுகளை இழக்கவில்லை. விதைக்கும் முன் மண்ணில் கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலப்பதும் உதவும். நாற்றுகளை நெருக்கமாக விடாதீர்கள், இடையே காற்று ஓட வேண்டும்.

படி 5: நடவு. 25 முதல் 30 நாளில் நான்கைந்து இலை வந்திருக்கும், மிளகாய்க்கு இன்னும் ஒரு வாரம் ஆகும். வெயில் தாழ்ந்த பிறகு நடுங்கள். தக்காளித் தண்டை மட்டும் முதல் இலைவரை ஆழமாகப் புதைக்கலாம், புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். பிறகு காய்ந்த இலைகளால் மூடாக்கு போட்டுவிடுங்கள்.

இலையின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலையின் அடிப்புறம் தெளியுங்கள்.

பின்சேர்க்கை: கேரட் முளைக்கவில்லை என்று பலர் கேட்டிருந்தார்கள். அதற்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், அதுவரை மேல்மண் ஒருநாளும் காயக்கூடாது. ஈரச் சாக்கால் மூடி வையுங்கள், முதல் முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள். காலிஃபிளவர் பூ விடவில்லை என்றால் ரகத்தைப் பாருங்கள். நல்ல குளிர் பட்டால்தான் பூ விடும் பின்பருவ ரகங்கள் உண்டு. விதை வாங்கும்போதே வெப்பம் தாங்கும் முன்பருவ ரகமாகக் கேளுங்கள்.