‘நம் கண்ணெதிரே குடிக்கட்டும்’: வீட்டில் நடக்கும் தவறுகள்

“பதின்வயதுப் பிள்ளை வெளியே ஒளிந்து மது குடிப்பதைவிட வீட்டில் கொஞ்சம் குடித்து அளவு பழகட்டும்” என்ற கணக்கிலேயே கோளாறு தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் பதின்வயதினரை ஆறு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2018-இல் வெளியானது. பெற்றோர் கையால் மது பெற்ற பிள்ளைகள் அதோடு நிற்கவில்லை, மற்றவர்களிடமும் வாங்கினார்கள். ஒரே அமர்வில் அளவுமீறிக் குடிப்பதும் அவர்களிடம் கூடுதலாகவே இருந்தது. “இங்கே மட்டும்” என்று நாம் சொல்வது “குடிக்கலாம்” என்றே அவர்கள் காதில் விழுகிறது.

“பீர்தானே” என்பது அடுத்தது. 40 சதவீத விஸ்கி ஒரு சின்ன பெக்கில் (30 மி.லி.) இருக்கும் ஆல்கஹால் சுமார் 9.5 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 500 மி.லி. கேனில் 31 கிராமுக்கு மேல், அதாவது அப்படி மூன்று பெக்குக்கும் அதிகம். வளர்ந்தவர் உடலே மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும்.

உயிருக்கே ஆபத்தாக முடிவது, மயங்கிய பிள்ளையை “தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்” என்று அறையில் தனியே விடுவது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் மிச்சமிருப்பது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். மயக்கத்தில் தொண்டையின் தற்காப்பு மழுங்குவதால், மல்லாந்து கிடக்கும்போது வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். காபி, குளிர்ந்த தண்ணீரில் குளியல், உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது எதுவும் பயன்படாது, கடைசியது ஆபத்தும்கூட. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல் முழங்காலை மடக்கி, வாய் தரையை நோக்கிச் சாயும்படி வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே இறங்கினாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 விநாடி இடைவெளி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, வலிப்பு வந்தாலோ, உலுக்கியும் எழாவிட்டாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். இவற்றில் ஒன்று போதும், எல்லாம் சேர்ந்து வரக் காத்திருக்க வேண்டாம். மானத்துக்கு அஞ்சி மருத்துவரிடம் “ஏதோ சாப்பாடு ஒத்துக்கலை” என்று மழுப்பாமல், என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.

பிள்ளையின் நண்பர்களுக்கும் ஊற்றிக் கொடுப்பது தனி வம்பு. யார் வலிப்பு மாத்திரை எடுக்கிறார், யார் தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மாத்திரை போட்டிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. பல நாடுகளில் அது குற்றமும்கூட.

பாட்டிலில் பேனாவால் கோடு போட்டுவைப்பது வீண், தண்ணீர் ஊற்றிச் சமன்செய்துவிடுவார்கள். பூட்டிவையுங்கள். “ஐஸ் எடுத்து வா, கிளாஸைக் கழுவு” என்று ஏவுவதையும் விடுங்கள். அப்பா தடுப்பதும் மாமா ரகசியமாக ஊட்டுவதுமாக இருந்தால் எந்த விதியும் நிற்காது.

விதி கண்டிப்பாக இருக்கட்டும், ஆனால் திரும்பிவரும் வழியை அடைக்காதீர்கள். “நீ குடித்திருந்தாலும் சரி, வண்டி ஓட்டுபவர் குடித்திருந்தாலும் சரி, எந்த நேரமானாலும் போன் செய். வந்து கூட்டிப்போகிறோம். மற்ற பேச்செல்லாம் மறுநாள்” என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அழைப்பு வந்த இரவில் வண்டிக்குள்ளேயே விசாரணையைத் தொடங்கினால் அடுத்த முறை அழைக்கமாட்டார்கள்.