ஆபீஸ் இங்கிலீஷில் வாழ்த்துவதும் வாழ்த்தை வாங்கிக்கொள்வதும்

டீமில் ஒருவருக்குப் புரமோஷன் என்று மெயில் வந்ததும் 'கங்கிராட்ஸ்' என்று தட்டிவிட்டுப் போவது தப்பில்லை, ஆனால் முப்பது பேர் அதையே அனுப்பியிருக்கும்போது உங்களுடையது யார் கண்ணிலும் நிற்காது. எதற்காக வாழ்த்துகிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள்: 'கங்கிராஜுலேஷன்ஸ் ஆன் யுவர் புரமோஷன், யூ ஹேண்டில்ட் தட் ரிலீஸ் சோ வெல்.' இங்கே 'ஆன்' முக்கியம். 'புரமோஷனுக்கு' என்று தமிழில் யோசித்து நாம் 'ஃபார்' போட்டுவிடுகிறோம். 'கங்கிராஜுலேஷன்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' விட்டுப்போகக் கூடாது. 'வெல் டிசர்வ்ட்' யாரிடமும் சொல்லலாம். 'ப்ரௌட் ஆஃப் யூ' என்று மேனேஜரிடம் சொன்னால் அவர் முதுகைத் தட்டிக்கொடுப்பது போல இருக்கும்.

பதில் சொல்வதில்தான் நமக்குக் கூச்சம். 'ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலையே' என்பதை 'நோ நோ, ஐ டிட் நத்திங்' ஆக்கினால், வாழ்த்தியவர் அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் முழிப்பார். 'தேங்க் யூ, தட் மீன்ஸ் எ லாட்' போதும். கூட உழைத்தவர் என்றால் 'ஐ குடன்ட் ஹேவ் டன் இட் வித்தவுட் யூ' என்றும் சேர்க்கலாம். 'சேம் டு யூ' மட்டும் வேண்டாம், அது தீபாவளிக்கு. என் புரமோஷனுக்கு வாழ்த்த வந்த, அந்த வருஷம் தன் புரமோஷன் கைநழுவிப் போன ஒருவரிடமே நான் அதைச் சொல்லியிருக்கிறேன், பாவம், சிரித்து வைத்தார்.

அப்புறம், முப்பது பேருக்கும் தனித்தனியாக ரிப்ளை ஆல் அடிக்காமல் ஒரே நன்றி மெயிலாக அனுப்பிவிடுங்கள்.