அஸ்பெஸ்டஸ் சீட்டில் ட்ரில்லை வைப்பதற்கு முன்: வயரிங் வேலையில் நடக்கும் தவறுகள்

கொழும்பில் வயரிங் வேலை செய்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஷொக் அடித்த கதையை ஒரு மணித்தியாலம் சொல்வார், அஸ்பெஸ்டஸ் தூசியைப் பற்றி வாயே திறக்கமாட்டார். கூரைக்காரரின் பிரச்சினை என்று நினைப்பு. ஆனால் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கத்துப் பழைய வீடுகளில் அஸ்பெஸ்டஸ் சீட் சீலிங்கில் ஓட்டை போடுவது யார்?

"இது வெள்ளை அஸ்பெஸ்டஸ், ஒன்றும் செய்யாது" என்பார்கள். நீல வகையை இலங்கை 1987இலேயே தடை செய்துவிட்டது உண்மைதான், அதற்காக வெள்ளை நல்லதாகிவிடாது; எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிலைப்பாடு. உடையாத சீட் தலைக்கு மேலே கிடப்பதில் பெரிய ஆபத்து இல்லை, பயந்து பிடுங்கப் போகாதீர்கள். துளைக்கும்போது, வெட்டும்போது பறக்கிற நார்தான் நுரையீரலில் போய்த் தங்கும். நோய் வெளியே தெரிய பெரும்பாலும் 20, 30 வருடம், சிலவேளை 40 கூட ஆகும், அதனால் இன்றைக்கு இருமல் இல்லை என்று நிம்மதி அடைய வழியில்லை. சிகரெட்டும் பிடித்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறும்.

ட்ரில்லை முழு வேகத்தில் விடுவது, வியர்க்கிறது என்று பக்கத்தில் மேசை ஃபேனையும் போட்டுக்கொள்வது, இது எல்லா இடத்திலும் நடக்கிறது. முதலில் மெயினை ஓஃப் பண்ணுங்கள், அப்புறம் ஓட்டை போடும் இடத்தில் ஷேவிங் ஃபோமைத் தடிப்பாகப் பூசி, வேகத்தைக் குறைத்துத் துளையுங்கள். தூசி ஃபோமிலேயே பிடிபடும், ஈரத்துணியால் வழித்து எடுக்கலாம். கிரைண்டர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பழைய பியூஸ் போர்டும் கவனம். பீங்கான் பியூஸைக் கழற்றினால் சிலவற்றின் உள்ளே வெள்ளையாக, நெய்த துணி மாதிரி ஒரு பட்டை இருக்கும். கம்பி எரியும்போது வரும் பொறியைத் தாங்க வைத்தது, பழையதென்றால் அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். நம்மவர்கள் அதை முகத்துக்கு நேரே பிடித்து வாயால் ஊதித் துடைப்பார்கள். இதைவிட மோசமான பழக்கம் எனக்குத் தெரியாது. சுரண்டவும் வேண்டாம், அப்படியே பொலித்தீன் பையில் போட்டுக் கட்டுங்கள்.

துணி மாஸ்க் இந்த நாரைத் தடுக்காது. முகத்தோடு இறுகப் பொருந்தும் எஃப்எஃப்பி3 (FFP3) என்ற, நுண்ணிய தூசியையும் தடுக்கும் மாஸ்க் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் ஒழுங்காகப் பொருந்தாது. உதவிக்கு வரும் பொடியனுக்கும் ஒன்று கொடுங்கள், கீழே நின்று ஏணி பிடிப்பவன் தலையில்தான் எல்லாம் கொட்டும். வேலை உடுப்பை உதறாமல் பையில் போட்டுக் கொண்டுபோய்த் தனியாகத் துவையுங்கள். உடுப்பில் வந்த தூசியால் அதைத் துவைத்த மனைவிமாருக்கே நோய் வந்திருக்கிறது.